வார்டு டூட்டிய விட்டுட்டு சுகர் எஜுகேட்டரா போகலாமா?

கேள்வி: 2024 செப்டம்பர் 8, மாலை 6.15

திருமங்கலம் பக்கம். ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமா முடிச்சு 9 வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். டிஸ்க் போயிருச்சு, ஆளப் புரட்டிப் போட முடியல, மாசத்துல பத்து நாள் நைட்டு, பிள்ள என்னய விருந்தாளி மாதிரி பாக்குது. டயாபடிஸ் எஜுகேட்டர்னு ஒரு வேல இருக்காமே, உக்காந்து பேசுற வேல தானே, நமக்கு ஒத்து வருமா? போனவங்க யாராச்சும் இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

2024 செப்டம்பர் 8, இரவு 11.50

நான் போனவ. 12 வருஷம் வார்டு, இப்ப 5 வருஷமா மதுரைல ஒரு கிளினிக்ல எஜுகேட்டர். உக்காந்து பேசுற வேலயான்னு கேட்டிருக்கீங்க. உக்காருறது உண்மை. பேசுறதுதான் நம்மள்ல, வர்றவங்க. ஒரு நாளைக்கு 20 பேரு வருவாங்க, அதுல 15 பேரு "எனக்கு சுகர் இல்ல தாயி, டாக்டர்தான் இருக்குங்கிறாரு"ன்னு ஆரம்பிப்பாங்க. ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டே சொல்லுவாங்க.

சம்பளத்த முதல்ல சொல்லிருறேன், எல்லாரும் அத மறச்சுட்டு "மனநிறைவு"ன்னு பேசுவாங்க. வார்டுல நைட் அலவன்ஸோட 24 ஆயிரம் வாங்குனேன். இங்க சேந்தப்ப 16 ஆயிரம். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்கிட்ட பேசல. இப்ப கூடிருக்கு, ஆனா என்கூட படிச்சவ வார்டுலயே இருந்து இன்சார்ஜ் ஆயிட்டா, அவள விட இன்னும் கம்மிதான். முதுகுக்காக எட்டாயிரம் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டேன்.

வேல என்னன்னா, டாக்டர் பாத்துட்டு அனுப்புவாரு, இன்சுலின் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஊசி போடச் சொல்லித் தரணும், மீட்டர்ல பாக்கச் சொல்லித் தரணும், சுகர் இறங்கிட்டா என்ன செய்யணும், காலு, கண்ணு, சாப்பாடு. இம்புட்டுத்தான். நாலு வரில எழுதிட்டேன், இத ஒழுங்கா பண்ண எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

2024 செப்டம்பர் 9, காலை 6.05

சொல்ல மறந்தது. கால்ல நரம்பு பொடச்சுக்கிற வெரிகோஸ் நிக்கும்னு நெனச்சீங்கன்னா, நிக்கல. முதுகு பரவால்ல.

2024 செப்டம்பர் 15, இரவு 10.20

ஏன் மாறுனீங்கன்னு மேலூர்க்கார அண்ணன் ஒருத்தரு கேட்டிருந்தாரு. முதுகுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். முழுசா சொன்னா முதுகு மட்டும் இல்ல.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அய்யா, 60 தாண்டுன ஆளு, சம்சாரி. சுகர் 400க்கு மேல போயி அட்மிட் ஆனாரு, அஞ்சு நாள் இருந்தாரு, போகும்போது இன்சுலின் பேனா எழுதிக் குடுத்து அனுப்புனோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கி என்ன நடக்கும்னு நர்ஸுகளுக்குத் தெரியும். கீழ ஆட்டோ நிக்கிது, மருமகன் பில்லு கட்டிட்டு "சிஸ்டர் வெரசா"ங்கிறாரு, எமர்ஜென்சில இருந்து அந்த பெட்டக் கேட்டு போன் வருது. நான் ஒரு பேனாவ எடுத்து, ஊசிய மாட்டி, திருகி, டயலத் திருப்பி, "இப்புடி வச்சு, இப்புடி அமுக்கி, பத்து எண்ணிட்டு எடுக்கணும், புரிஞ்சுச்சாய்யா?"ன்னேன். "புரிஞ்சுச்சு தாயி"ன்னாரு. மூணு நிமிஷம் இருக்கும். ஃபைல்ல "இன்சுலின் டெக்னிக் எக்ஸ்ப்ளெய்ன்டு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பறம் ஓ.பி.க்கு ரெண்டு தடவ வந்திருக்காரு. சுகர் இறங்கவே இல்ல. 18 யூனிட்ட 26 ஆக்குனாங்க, 26அ 34 ஆக்குனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கால் விரல்ல புண்ணோட மறுபடி எங்க வார்டுக்கே வந்தாரு. அன்னைக்கி ராத்திரி டூட்டி நான். ஷீட்ல 34 யூனிட்னு இருக்கு, நான் 34 போட்டேன். விடியக்கால மூணு மணிக்கு சட்டையெல்லாம் நனைஞ்சு, ஆளு ஒளறுறாரு, பாத்தா சுகர் 41. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதான் குளுக்கோஸ், ஏத்தி ஆளு தெளிஞ்சப்ப எனக்குக் கையி நடுங்கிருச்சு.

வெள்ளன உக்காந்து கேட்டேன், அய்யா வீட்ல எப்புடிப் போடுவீங்க, ஒருக்கா போட்டுக் காட்டுங்கன்னேன். பையில இருந்து பேனாவ எடுத்தாரு, ஊசிய மாட்டுனாரு, பெரிய மூடியக் கழட்டுனாரு, உள்ள இருக்குற சின்ன மூடியக் கழட்டாம அப்புடியே வயித்துல வச்சு அமுக்குனாரு. பத்து எண்ணுனாரு, ரொம்பக் கரெக்டா. "இந்த ஊசி வலிக்கவே மாட்டேங்குது தாயி, பழைய ஊசிதான் வலிக்கும், கொஞ்சம் ஈரமா மட்டும் இருக்கும்"னாரு.

ரெண்டு மாசமா ஒரு சொட்டு உள்ள போகல. டோஸ் மட்டும் ஏறிக்கிட்டே போயிருக்கு. நாங்க ஒழுங்கா போட்ட முத நாளே ஆளு இறங்கிட்டாரு. அவருக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னா நான்தான். கையெழுத்து என்னோடது. அந்தச் சின்ன மூடிய நான் காட்டும்போது பழக்கத்துல விரலாலேயே தட்டி விட்டுருவேன், அப்புடி ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

விரலு ஒண்ணு போச்சு. ஆளு இருக்காரு.

2024 செப்டம்பர் 16, மதியம் 1.30

படிப்பு பத்தி நாலஞ்சு பேரு கேட்டிருக்கீங்க. நம்ம நாட்டுல எஜுகேட்டருக்குன்னு தனி லைசென்ஸ் கெடயாது. நர்ஸா கவுன்சில்ல பதிஞ்சிருக்கீங்கள்ல, அத ரினியூ பண்ணி வச்சிருங்க, அதுதான் அடையாளம். சர்டிபிகேட் கோர்ஸுக நெறய இருக்கு, சிலது ஆன்லைன்ல, சிலது பெரிய சுகர் ஆஸ்பத்திரிக நடத்துறது. ஐ.டி.எஃப்.னு சொல்ற சர்வதேச அமைப்பு ஆன்லைன்லயே எஜுகேட்டர் கோர்ஸ் நடத்துது. நான் பண்ணுனதுல எழுதுறதுக்கு நெறய இருந்துச்சு, கைல செய்யறதுக்குக் கம்மி. கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்ன ஒரு கேள்வி கேளுங்க: பேஷன்ட் முன்னாடி உக்கார வப்பீங்களா மாட்டீங்களா? மாட்டோம்னா சுவத்துல மாட்டத்தான் அந்தச் சர்டிபிகேட்.

அமெரிக்காவுல என் சித்தி மக நர்ஸு, அங்க இதுக்குப் பரீட்ச இருக்கு, சி.டி.இ.ன்னு பேரு. நர்ஸு, டயட்டீஷியன், பார்மசிஸ்ட் எல்லாரும் எழுதலாம். லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் வேல பாத்திருக்கணும், அதோட 1,000 மணி நேரம் சுகர்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும், அப்பத்தான் பரீட்சைக்கே உக்கார விடுவாங்க. ஆயிரம் மணி நேரம்! நம்மள்ட்ட மூணு நிமிஷம்.

2024 செப்டம்பர் 16, இரவு 9.00

திருத்தம். சி.டி.இ.ங்கிறது பழைய பேரு, 2020ல சி.டி.சி.இ.எஸ்.னு மாத்திட்டாங்களாம், சித்தி மகளே போன் போட்டு வஞ்சா. இன்னொண்ணும் சொன்னா, அந்த ஆயிரம் மணி நேரத்த அங்கதான் பாத்திருக்கணும், மதுரைல பாத்த கணக்கு அங்க செல்லாது. விசா கனவுல இந்த வேலைக்கு வர்றவங்க குறிச்சுக்கங்க.

2024 செப்டம்பர் 22, இரவு 8.40

"வீட்டுக்கே மாத்திர வருது, பிறகு நீங்க எதுக்கு"ன்னு ஒருத்தர் லந்து பண்ணிருக்காரு. நல்லா கேட்டீங்க. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுல இருந்து எங்க அப்பத்தாவுக்கே மாத்திர வாசலுக்கு வருது, கும்பிடணும். மாத்திர கைக்கு வந்துருச்சு சரி, வாய்க்கு எப்பப் போகணும்?

மாட்டுத்தாவணி மார்க்கெட்ல லோடு எறக்குற ஒருத்தரு. கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திர "காலைல சாப்பாட்டுக்கு முன்ன"ன்னு சீட்டுல இருக்கு. அவருக்குக் காலைன்னா தூங்கப் போற நேரம். ராத்திரி முழுக்க மூட்ட தூக்கிட்டு, ரெண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுட்டு, விடிஞ்சதும் வீட்டுக்குப் போயி மாத்திரயப் போட்டுட்டுப் படுத்துருவாரு. அந்த மாத்திர சோத்தப் பாத்து வேல செய்யாது, சோறு இருந்தாலும் இல்லாட்டியும் கணையத்த இன்சுலின் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். பதினொரு மணிக்கு வேர்த்து ஒழுகி எந்திரிப்பாரு, பேய்க்கனவுன்னு நெனச்சு கோரிப்பாளையம் தர்காவுல மந்திரிச்சுக் கயிறு கட்டிருந்தாரு. நான் கேட்டது ஒரே கேள்வி, "அண்ணே நீங்க எப்பத் தூங்குவீங்க?" டாக்டர்கிட்ட சொல்லி மாத்திர நேரத்த மாத்துனோம். கயிற அவரு இன்னும் கழட்டல, நானும் கழட்டச் சொல்லல.

2024 அக்டோபர் 2, நள்ளிரவு 12.45

இன்னைக்கி ஒரே நாள்ல மூணு பேரு தப்பு சிரிஞ்சோட வந்தாங்க, அதுனால இத எழுதுறேன். நம்ம நாட்டுல குப்பில வர்ற இன்சுலின் பெரும்பாலும் யு-40, ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் யு-100, ஒரு மில்லிக்கு 100 யூனிட், யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மெடிக்கல்ல சிவப்பு இல்லன்னா ஆரஞ்சக் குடுத்து விட்டுருறாங்க. யு-40 குப்பில இருந்து ஆரஞ்சு சிரிஞ்சுல எடுத்தா டோஸ் ரெண்டர மடங்கு ஏறிப் போயிரும், ஆளு படுத்துருவாரு, ஜாக்கிரத.

2024 அக்டோபர் 2, காலை 7.10

மேல நான் எழுதுனது தலைகீழ். யாரும் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்ல போட்டுறாதீங்க.

சரியா சொல்றேன். யு-40 குப்பில இருந்து ஆரஞ்சு சிரிஞ்சுல 20ங்கிற கோடு வரைக்கும் எடுத்தா அது 0.2 மில்லி, உள்ள போறது 8 யூனிட்தான். கொறஞ்சு போகும், சுகர் இறங்காது. யு-100 மருந்தச் சிவப்பு சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் எடுத்தா அது 0.5 மில்லி, 50 யூனிட் போயிரும். அதுதான் ரெண்டர மடங்கு. பேனா கெட்டுப் போச்சுன்னு கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிரிஞ்சுல உறிஞ்சிப் போடுற ஆளுக இருக்காங்க, அங்கதான் ஆபத்து.

12 வருஷம் வார்டு, 5 வருஷம் இது, ராத்திரி ஒரு மணிக்கு எனக்கே குழம்புதுன்னா ஒத்தக்கடைல இருந்து வர்ற ஆத்தாவுக்கு எப்புடி இருக்கும். அழிக்கல, அப்புடியே கெடக்கட்டும்.

2024 அக்டோபர் 2, காலை 7.25

இன்சுலின ஃப்ரீசர்ல வைக்கலாமான்னு கேட்டவருக்கு: கூடாது. உறைஞ்சா செத்துப் போச்சு, உருகுனாலும் ஆகாது. பிரிக்காதது 2ல இருந்து 8 டிகிரி, ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. பிரிச்சது நாலு வாரம், வெயில் படாத எடம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ரெண்டு மண்சட்டி, பெருசுக்குள்ள சிறுசு, நடுவுல மணல், மணல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். எங்க ஊரு சித்திர வெயிலுக்கு அது பெரிய ஒத்தாச. எலி இழுத்துட்டுப் போன கேஸு ஒண்ணு இருக்கு, மேல ஒரு தட்டு போட்டு மூடுங்க.

2024 நவம்பர் 3, மாலை 5.00

தீபாவளி முடிஞ்ச வாரம் எங்களுக்கு அறுவட. எல்லாரும் "ஒண்ணே ஒண்ணுதான் சாப்பிட்டேன் சிஸ்டர்".

மிட்டாய்க் கடைல சரக்கு மாஸ்டர் ஒருத்தரு வந்தாரு, மீட்டர்ல 412. அவரு சத்தியம் பண்ணுறாரு, நான் இனிப்ப நாக்குல வைக்கிறதே இல்லம்மா, பாகு பதம் பாக்குறதுகூட விரல்லதான்னு. விரல்ல! அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. போயி சோப்பு போட்டுக் கையக் கழுவி நல்லாத் துடச்சுட்டு வாங்கண்ணேன்னேன். மறுபடி பாத்தா 168. பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தேச்சுத்தான் முத தடவ பாத்தேன், அது பத்தல. மாம்பழ சீசன்லயும் இதே கத நடக்கும், பழத்த உரிச்ச கையோட பாப்பாங்க, 300 காட்டும், பயந்துக்கிட்டு ரெண்டு யூனிட் கூடப் போட்டுக்குவாங்க. வார்டுல ஆயிரக்கணக்குல குத்திப் பாத்திருக்கேன், ஒரு தடவகூட "கையக் கழுவுனீங்களா"ன்னு கேட்டதில்ல. படுத்துக் கெடக்குறவரு எங்க போயிக் கழுவ.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கர, தேன் எல்லாம் ஏத்தாதுன்னு இங்க ஒரு அண்ணன் அடிச்சுச் சொல்லிருக்காரு. அண்ணே, ஏத்தும். கேப்பக்கூழும் ஏத்தும், கூழாக் காச்சிக் குடிச்சா இன்னும் வெரசா ஏத்தும். நான் சொன்னா கேக்க மாட்டீங்க. ஒரு நா குடிங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, நம்பர இங்க போடுங்க.

2024 நவம்பர் 5, இரவு 7.50

அண்ணன் நம்பர் போடல.

2024 நவம்பர் 14, இரவு 10.00

இன்னைக்கி கேம்ப்பு. நவம்பர் 14 ஏன் சுகர் தினம்னா, இன்சுலினக் கண்டுபிடிச்ச பேன்டிங் பொறந்த நாளு. 1921ல டொரன்டோவுல கண்டுபிடிச்சு, 1922 ஜனவரில 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு முத தடவயாப் போட்டாங்க. நம்ம ஊர்ல அன்னைக்கே குழந்தைகள் தினம் வேறயா, கேம்ப்புக்கு வந்த பெருசுகளுக்கு எவனோ மிட்டாய் குடுத்துட்டுப் போயிருக்கான்.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்பறம் நடந்தது. மருந்து வந்துருச்சு, வீட்ல யாரு போடுறது? பாஸ்டன்ல ஜோஸ்லின்னு ஒரு டாக்டரு, நர்ஸுகளப் பழக்கி பேஷன்ட் வீடு வீடா அனுப்புனாரு, ஊசி போட, சமைக்கச் சொல்லித் தர. நூறு வருஷத்துக்கு முன்ன இந்த வேலய ஆரம்பிச்சதே நர்ஸுகதான். இத இன்டர்வியூல சொன்னேன், எதுக்கால இருந்தவரு "வெரி குட், டார்கெட் எம்புட்டு முடிப்பீங்க"ன்னாரு. அது மீட்டர் கம்பெனி இன்டர்வியூ. போகல. எஜுகேட்டர்னு பேரு போட்டு ஸ்ட்ரிப்பு விக்கச் சொல்லுற வேலயும் இருக்கு, ஆர்டர வாங்கறதுக்கு முன்ன நல்லாப் படிச்சுப் பாருங்க.

2024 டிசம்பர் 1, காலை 10.15

எதிர்காலம் இருக்கான்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர்.ங்கிற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட ஆய்வுல நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சுகர், இன்னும் 13.6 கோடிப் பேரு வாசல்ல நிக்கிறாங்கன்னு போட்டிருந்துச்சு. ஆளுக்குப் பஞ்சமில்ல. எஜுகேட்டருக்குன்னு சம்பளம் ஒதுக்குற ஆஸ்பத்திரிக்குத்தான் பஞ்சம். பாதி எடத்துல "ஓ.பி. நர்ஸே சொல்லிரும்"னு முடிச்சுருவாங்க.

2025 ஜனவரி 19, இரவு 11.30

செப்டம்பர்ல அந்தப் பேனா கதய எழுதுனப்ப பூராப் பழியவும் என் தலைல போட்டுக்கிட்டு எழுதிட்டேன். நேத்து திரும்பப் படிச்சேன். அன்னைக்கி 16 பெட்டுக்கு நானும் ஒரு ஸ்டூடன்ட் பிள்ளையும். ரெண்டு ட்ரிப்ஸ் முடிஞ்சு போயி ரத்தம் ஏறிக்கிட்டு நிக்கிது, ஒரு தாத்தா கேத்தீட்டர உருவிட்டாரு. மூணு நிமிஷம் குடுத்ததே பெருசு. நர்ஸ் கெட்டவ, எஜுகேட்டர் நல்லவங்கிற மாதிரி ஆயிருச்சு அந்தப் பதிவு, அத வாபஸ் வாங்கிக்கிறேன். இங்க எனக்கு ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் கெடைக்கிது, ஒரு மேசை இருக்கு, கதவ மூடலாம். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

இன்னொண்ணும் சொல்லணும், யாருகிட்டயும் சொன்னதில்ல. வார்டு ஞாபகம் வருது. ஒருத்தருக்கு நெஞ்சு நின்னா அடிக்கிற கோட் புளூ சத்தம் கேட்டா இப்பவும் உடம்பு முன்னாடி போகுது. மூச்சுத் திணறி வந்த ஆளு ரெண்டு மணி நேரத்துல காப்பி கேப்பாரு பாருங்க, அந்த ருசி இங்க இல்ல. இங்க ஒருத்தருக்கு இன்னைக்கிச் சொன்னா மூணு மாசம் கழிச்சு ஹெச்.பி.ஏ.1.சி. (மூணு மாசச் சராசரி சுகர்) 9.8ல இருந்து 9.1க்கு வரும், அதுக்குச் சந்தோசப்படப் பழகணும். எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு முத நாள் எழுதுனேன்ல, அது ஊசி சொல்லிக் குடுக்கப் பழகுனதுக்கு இல்ல, இதுக்கு.

2025 பிப்ரவரி 9, மாலை 6.45

தைப்பூசம். பழனிக்கு வெறுங்கால்ல நடக்குறவங்க இந்த வாரம் பூரா. போகாதீங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன் மூணு வருஷமா, ஒருத்தரும் கேட்டதில்ல, முருகன்கிட்ட நான் ஜெயிக்க முடியுமா. இப்ப போறது தெரிஞ்சா முன்னாடியே காலப் பாத்துருறோம். 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒண்ணு நைலான் நரம்பு மாதிரி இருக்கும், பாதத்துல வச்சு அமுக்குனா அது வளையும், அது தொட்டது தெரியலன்னா அந்தக் காலுக்கு முள்ளும் தெரியாது, கொப்புளமும் தெரியாது. அப்புடிப்பட்டவங்ககிட்ட மட்டும், செருப்புப் போட்டு நடந்துட்டு அடிவாரத்துல கழட்டுங்கன்னு கெஞ்சுவேன். ராத்திரி தங்குற எடத்துல பேரன வச்சு பாதத்த போன்ல போட்டோ எடுக்கச் சொல்லுவேன், தன் பாதத்தத் தானே குனிஞ்சு பாக்க முடியாதுல்ல. போன வருஷம் ஒருத்தரு ஒட்டன்சத்திரத்துல இருந்து போட்டோ அனுப்புனாரு, பாதத்துல கண்ணாடிச் சில்லு, அவருக்குத் தெரியவே இல்ல. அங்கயே பஸ் ஏத்திக் கூட்டியாரச் சொன்னேன். இந்த வருஷம் போறப்பவே கான்வாஸ் ஷூவோட வந்து காட்டிட்டுப் போனாரு.

2025 மார்ச் 16, இரவு 9.20

நோன்பு நேரம். வந்த புதுசுல ஒரு பாய்கிட்ட "நோன்பு வைக்காதீங்க பாய், உங்களுக்கு ஆகாது"ன்னு பெரிய டாக்டர் மாதிரி சொல்லிட்டேன். சரிம்மான்னாரு. முப்பது நோன்பும் வச்சிருக்காரு, என்கிட்ட சொல்லாம, டோஸ மாத்தாம. ரெண்டு தடவ மயங்கிருக்காரு. இப்ப ரம்ஜானுக்கு ஒரு மாசம் முன்னயே "இந்த வருஷம் எப்புடி பாய்?"னு நானாக் கேட்டுருறேன். டாக்டரும் சேந்து சஹருக்கு எம்புட்டு, இஃப்தாருக்கு எம்புட்டுன்னு பிரிச்சுக் குடுப்பாரு. 70க்குக் கீழயோ 300க்கு மேலயோ போனா தொறந்துரணும், அது பேச்சு. விரல்ல குத்திப் பாத்தா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல்லயே ஹஜ்ரத்து சொல்லிக் குடுத்ததுக்கு அப்பறம் எனக்கு வேல பாதியாயிருச்சு.

2025 மே 14, இரவு 10.50

முந்தாநாள் அழகர் ஆத்துல எறங்குனாரு. நேத்தும் இன்னைக்கும் கிளினிக்ல பூராக் கொதிச்ச தார் ரோட்டுல நடந்த காலுக, பானகம் குடிச்ச சுகருக.

இந்த இழைய ஆரம்பிச்சு வச்ச திருமங்கலத்துத் தங்கச்சி இன்னைக்கி லீவு போட்டுட்டு வந்திருந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டு, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாருன்னு கூப்பிட்டிருந்தேன். பேச்சு நல்லா வருது, என்னய விட நல்லா. "ஏத்தா, நீ சாப்பிட்டியா மொதல்ல"ன்னு ஆரம்பிச்சுச்சு, பாதி பேரு அதுலயே மடங்கிட்டாங்க.

பதினோரு மணிக்கு ஒரு ஆத்தா, வாடிப்பட்டி, மல்லிப் பூ எடுக்குற ஆளு, புதுசா ஊசி. பூ எடுக்குறப்ப அந்தக் கை என்ன வேகத்துல போகுமோ தெரியாது, குப்பிய எடுத்ததும் அப்புடி நடுங்குது. காத்த இழுக்குது, விடுது, குப்பியக் கவுக்குது, ஊசி வெளிய வந்துருது, மறுபடி குத்துது. நான் பேசாம இருக்கேன். தங்கச்சிக்கு இருப்புக் கொள்ளல. மூணாவது தடவ சடார்னு அந்தக் கைல இருந்து சிரிஞ்ச வாங்கி, ரெண்டே நொடில, குமிழி இல்லாம, கோடு பெசகாம எடுத்து நீட்டிருச்சு. ஒம்போது வருஷக் கை. ஆத்தா கும்பிட்டுட்டு, "நீயே தெனமும் வந்து போட்டு விட்டுரு தாயி"ன்னுச்சு.

தங்கச்சி என்னயப் பாத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, சிரிஞ்ச ஓரமா வச்சுட்டு, பயிற்சிக்கு வச்சிருக்குற தண்ணிக் குப்பியையும் புது சிரிஞ்சையும் எடுத்து ஆத்தா முன்னாடி வச்சேன். அடுத்த இருபது நிமிஷமும் தங்கச்சி ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு அமுக்கி உக்காந்திருந்துச்சு. ஏழாவது தடவ ஆத்தா சரியா எடுத்துச்சு.

போகும்போது கேட்டேன், எப்புடி இருக்கு உக்காந்து பேசுற வேலன்னு. "முதுகு வலிக்கல, கை வலிக்கிது"ன்னுச்சு. அடுத்த புதன்கிழமையும் வருதாம். சாப்பாடு கட்டிக்கிட்டு வரச் சொல்லிருக்கேன், இங்க கேன்டீன் சாம்பார வாயில வைக்க முடியாது.